சம்பளத்துக்கு ஒரு சாணக்கியர்

1949 செப்டம்பர். ராயபுரம் ராபின்சன் பூங்கா. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. ஆனால் கூட்டம் கலையவில்லை. மேடையில் அண்ணா. பெரியாரைப் பிரிந்து வந்தவர்கள் பவழக்காரத் தெருவில் கூடிப் பேசி, புதுக் கட்சிக்குப் பெயர் வைத்த கையோடு நடத்துகிற முதல் பொதுக்கூட்டம். மழையைச் சொல்லாமல் கழகத்துக்காரர்கள் யாரும் இந்தக் கதையைச் சொல்ல மாட்டார்கள். தி.மு.க. என்கிற குழந்தை நனைந்துகொண்டேதான் பிறந்தது.

இப்போது ஒரு பெரிய தாவல். 2017 டிசம்பர் 24. ராயபுரத்துக்கு ஒட்டினாற்போல இருக்கும் ஆர்.கே. நகர் தொகுதி. ஜெயலலிதா மறைந்ததால் வந்த இடைத்தேர்தல். ஓட்டு எண்ணுகிறார்கள். குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். ஆளுங்கட்சிக்கு இரண்டாவது இடம். சரி, தி.மு.க.வுக்கு? சுமார் 24 ஆயிரம் ஓட்டு. டெபாசிட் காலி.

பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் டெபாசிட் போனால் எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு வருடம் தள்ளி வாருங்கள். 2020 பிப்ரவரி 2. மு.க. ஸ்டாலின் ட்விட்டரில் ஓர் அறிவிப்பு போடுகிறார். 2021 சட்டமன்றத் தேர்தலுக்குத் தங்களோடு சேர்ந்து வேலை பார்க்க ஐ-பேக் என்கிற நிறுவனம் வருகிறது. அதன் மூளை, பீகார்க்காரரான பிரஷாந்த் கிஷோர். தமிழ் தெரியாதவர். தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவர் இல்லை, போஸ்டர் ஒட்டியவர் இல்லை.

டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் படிப்பகத்திலும் பேசிப் பேசியே வளர்ந்த கட்சி. பேச்சுக்கென்றே பெயர் வாங்கிய கட்சி. அந்தக் கட்சிக்கு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார்!

அன்றைக்கு நிறையப் பேர் சிரித்தார்கள். கழகத்துக்குள்ளேயே பலர் முணுமுணுத்தார்கள். அது இருக்கட்டும். இந்த வாத்தியார் வேலை எங்கே ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

*

அமெரிக்கா. கலிஃபோர்னியா மாநிலம். 1933.

கிளெம் விட்டேக்கர் என்று ஒரு பத்திரிகைக்காரர். லியோன் பாக்ஸ்டர் என்று ஒரு பெண்மணி. இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பெயர், கேம்பெய்ன்ஸ் இன்கார்ப்பரேட்டட். சோப்பு விற்கத் தெரியும் என்றால் வேட்பாளரை விற்கத் தெரியாதா? அவ்வளவுதான் அவர்களுடைய சித்தாந்தம். அதுவரை தேர்தல் வேலை என்பது கட்சிக்காரர்களின் வேலை. அதை ஒரு தொழிலாக, பில் போட்டுக் காசு வாங்குகிற சேவையாக மாற்றிய முதல் நிறுவனம் இதுதான்.

அடுத்த வருஷமே பெரிய பரீட்சை வந்தது. கவர்னர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் அப்டன் சிங்க்ளேர் நின்றார். சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளைத் தோலுரித்து நாவல் எழுதிய அதே எழுத்தாளர்தான். வறுமையை ஒழிப்பேன் என்று கிளம்பியிருந்தார். கூட்டம் அள்ளியது. முதலாளிகள் பயந்து போனார்கள்.

விட்டேக்கரும் பாக்ஸ்டரும் என்ன செய்தார்கள் தெரியுமா? உட்கார்ந்து சிங்க்ளேரின் புத்தகங்களைப் படித்தார்கள். அவருடைய கதாபாத்திரங்கள் பேசிய வில்லங்கமான வசனங்களைத் தேடி எடுத்தார்கள். அதையெல்லாம் சிங்க்ளேரின் சொந்தக் கருத்து மாதிரி தினம் ஒன்றாகப் பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட வைத்தார்கள். நாவலில் வில்லன் பேசியதற்கு நாவலாசிரியரைத் தூக்கில் போடுவது மாதிரி! சிங்க்ளேர் தோற்றுப் போனார்.

இன்னொரு கதையும் உண்டு. 1942-ல் ஏர்ல் வாரன் கவர்னர் தேர்தலில் நின்றபோது அவருக்காக இவர்கள்தான் வேலை பார்த்தார்கள். ஜெயித்தார். மூன்றே வருஷத்தில் அதே வாரன், மக்களுக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவர முயன்றார். டாக்டர்கள் சங்கம் இந்தத் தம்பதியைத்தான் (ஆமாம், அதற்குள் கல்யாணமும் ஆகிவிட்டது) வேலைக்கு அமர்த்தியது. தாங்கள் ஜெயிக்க வைத்தவரின் திட்டத்தைத் தாங்களே தோற்கடித்தார்கள்.

துரோகம் என்கிறீர்களா? அவர்களைக் கேட்டிருந்தால், 'போன கஸ்டமர் வேறு, இந்தக் கஸ்டமர் வேறு' என்றிருப்பார்கள். பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு அது புரிகிறது. ஓட்டுப் போடுகிறவன் என்கிற முறையில் புரிய மறுக்கிறது.

*

இந்தியாவுக்கு இந்த வியாபாரம் தவணை முறையில்தான் வந்தது. 1984 தேர்தலில் ராஜீவ் காந்தியின் காங்கிரஸுக்கு ரீடிஃபியூஷன் என்கிற விளம்பரக் கம்பெனி விளம்பரம் செய்தது. 2004-ல் வாஜ்பாய் அரசு, 'இந்தியா ஒளிர்கிறது' என்று கிரே நிறுவனத்தை வைத்து ஜோராக விளம்பரம் பண்ணியது. ஒளிர்ந்தது இந்தியாவா, விளம்பரமா என்று கிராமத்துக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். ஆட்சி போனது.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்லாமல் இருந்தது. 1967-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.' எந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்தது இதை? அரிசிப் பஞ்சத்தில் க்யூவில் நின்ற ஜனங்களின் வயிறு எழுதிக் கொடுத்தது. அந்த வருடம் ஜனவரி 12-ம் தேதி எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. கட்டுப் போட்ட கழுத்தோடு அவர் இருக்கும் போட்டோ சுவர் சுவராக ஏறியது. பரங்கிமலையில் அவர் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். விருதுநகரில் காமராஜரே தோற்றார், 1,285 ஓட்டில். எந்த மேனேஜ்மென்ட் பட்டதாரியும் இந்தத் தேர்தலில் வேலை பார்க்கவில்லை.

வேலை பார்த்தவர்கள் யார் என்றால், தெருவில் இருந்தவர்கள். வடசென்னையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ராயபுரம் ரயில் நிலையம் (1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது), திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட். ஷிஃப்ட் முடிந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வெளியே வருகிற இடம். கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றால் கூட்டம் ரெடி. வாயிற்கூட்டம் என்று அதற்குப் பெயரே உண்டு. செங்கொடிக்காரர்களும் கழகத்துக்காரர்களும் அங்கேதான் போட்டி போட்டார்கள்.

தேர்தல் வந்தால் வட்டச் செயலாளர்தான் கன்சல்டன்ட். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்த வீட்டில் மாமியாருக்கு ஒரு சின்னம், மருமகளுக்கு ஒரு சின்னம், யார் துபாயில், யார் செத்துப் போய் இன்னும் லிஸ்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி ரிசர்வ் பண்ணிவிடுவார். சம்பளம் கிடையாது. ஆட்சி வந்தால் ஒரு சின்ன கான்ட்ராக்ட், ஒரு கவுன்சிலர் சீட்டு, கல்யாணத்துக்கு தலைவர் வந்து தலைகாட்டுவது. அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு ஓடியது. பிறகு எங்கே பழுதானது?

ஆர்.கே. நகரிலேயே பதில் இருக்கிறது. 2017 ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தலைத் தேர்தல் கமிஷன் ரத்து செய்தது. வருமான வரித்துறை சோதனையில் 89 கோடி ரூபாய் பட்டுவாடாவுக்கான கணக்குக் காகிதங்கள் சிக்கியதாகச் செய்தி வந்தது. மறுபடி டிசம்பரில் தேர்தல் நடந்தபோது 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று புகார். இந்தச் சூழ்நிலையில் வட்டச் செயலாளரின் மண்டைக்குள் இருந்த தகவலுக்கு என்ன மதிப்பு? அவர் ஓட்டைக் கணக்கெடுக்கிறாரா, பணத்தைக் கணக்கெடுக்கிறாரா? மாவட்டச் செயலாளர் தலைவரிடம் சொல்வது நிஜ நிலவரமா, தலைவர் காதுக்கு இனிக்கும் நிலவரமா? சென்னையில் உட்கார்ந்திருக்கும் தலைவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

கம்பெனிகளில் இதற்குத்தான் வெளி ஆடிட்டரைக் கூப்பிடுவார்கள்.

*

சரி, நம் ஆசாமி யார்?

பிரஷாந்த் கிஷோர் 1977-ல் பிறந்தவர். பீகாரின் ரோத்தாஸ் மாவட்டம். ஐ.நா.வின் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2011 வாக்கில் குஜராத் முதல்வர் நரேந்திர மோடியின் வட்டத்துக்குள் வந்தார். 2013-ல் இளைஞர்களைத் திரட்டி ஓர் அமைப்பு ஆரம்பித்தார். பெரிய பெரிய கல்லூரிகளில் படித்து, பெரிய பெரிய கம்பெனிகளில் இருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். மணிசங்கர் அய்யர் 'டீ விற்றவர்' என்று மோடியைக் கிண்டல் செய்ததை வைத்தே, டீக்கடை டீக்கடையாக 'சாய் பே சர்ச்சா' நடத்தினார்கள். ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் மோடியின் முப்பரிமாண பிம்பம் பேசியது. 2014-ல் பி.ஜே.பி. 282 இடம் பிடித்தது.

டீக்கடையில் அரசியல்! நம்மூர் ஆட்கள் அறுபது வருஷமாகச் செய்ததைத்தான் அவர் பேக்கிங் மாற்றி விற்றார். ஆனால் விற்றார், பாருங்கள்.

அடுத்த வருடம் நேர் எதிர் முகாம். 2015 பீகார் தேர்தலில் மோடியை எதிர்த்து நின்ற நிதிஷ் குமாருக்கு வேலை. நிதிஷின் அரசியல் டி.என்.ஏ.விலேயே ஏதோ கோளாறு என்று ஒரு கூட்டத்தில் மோடி பேசிவிட்டார். பிடித்துக்கொண்டார்கள். இது நிதிஷுக்கு அல்ல, பீகாரிகள் ஒவ்வொருவருக்கும் நேர்ந்த அவமானம் என்று கிளப்பிவிட்டு, தலைமுடி, நகம் என்று மாதிரிகளை ஜனங்களிடம் சேகரித்து டெல்லிக்கு அனுப்பினார்கள். பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று! 243-ல் 178 இடம் நிதிஷ் - லாலு - காங்கிரஸ் கூட்டணிக்கு.

2017-ல் ஒரே நேரத்தில் இரண்டு மாநிலங்கள், இரண்டும் காங்கிரஸுக்கு. பஞ்சாபில் 117-ல் 77. அபாரம். உத்தரப்பிரதேசத்தில்? அங்கே ஒரு கூத்து நடந்தது. ராகுல் காந்தி விவசாயிகளோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசுவதாகத் திட்டம். தேவ்ரியா மாவட்டத்தில் முதல் கூட்டம். மைதானம் முழுக்கக் கட்டில்கள் போட்டார்கள். ராகுல் பேசி முடித்து நகர்ந்ததும் வந்திருந்த ஜனங்கள் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். கட்டில் போனது, ஓட்டும் வரவில்லை. 403 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 7.

2019-ல் ஆந்திராவில் ஜெகன்மோகன் ரெட்டிக்கு 175-ல் 151. 2020-ல் டெல்லியில் கெஜ்ரிவாலுக்கு 70-ல் 62. நடுவில் 2018 செப்டம்பரில் நிதிஷின் கட்சியில் சேர்ந்து துணைத் தலைவராகவும் ஆனார். அந்தக் கட்சி பி.ஜே.பி.யோடு கூட்டணி. இவரோ 2019 முதல் வங்காளத்தில் பி.ஜே.பி.யை எதிர்த்து மம்தாவுக்கு வேலை. எத்தனை நாள் ஓடும்? குடியுரிமைத் திருத்தச் சட்ட விவகாரத்தில் முட்டிக்கொண்டு, 2020 ஜனவரி 29-ல் கட்சியை விட்டு நீக்கினார்கள்.

நான்கே நாளில் சென்னையிலிருந்து அந்த ட்விட்டர் அறிவிப்பு.

*

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டாலினுக்குக் கன்சல்டன்ட் புதிதல்ல. 2015-ல் 'நமக்கு நாமே' என்று கலர் சட்டை, பேன்ட் போட்டுக்கொண்டு, சைக்கிளிலும் டிராக்டரிலும் ஊர் ஊராகப் போனாரே, அதன் பின்னால் இருந்தவர் சுனில் கனுகோலு. 2016-ல் தி.மு.க. 89 இடம் பிடித்தும் ஆட்சியைப் பிடிக்க முடியவில்லை. கிஷோர் உள்ளே வந்ததும் சுனில் வெளியே போனார். போய் எங்கே சேர்ந்தார்? அ.தி.மு.க. முகாமில். ஆக, 2021-ல் தமிழ்நாட்டில் இரண்டு திராவிடக் கட்சிகள் மோதின என்பது ஒரு பார்வை. இரண்டு ஆலோசகர்கள் மோதினார்கள் என்பது இன்னொரு பார்வை.

ஐ-பேக் என்னதான் செய்தது? பட்டியல் இதோ. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில், 'ஒன்றிணைவோம் வா'. உதவி கேட்டு போன் செய்தால் கட்சிக்காரர்கள் அரிசியோ மருந்தோ கொண்டுவந்து தர வேண்டும். செப்டம்பரில் 'எல்லோரும் நம்முடன்', இணையத்தில் உறுப்பினர் சேர்க்கை. டிசம்பரில் ஊர் ஊராக 'அ.தி.மு.க.வை நிராகரிக்கிறோம்' கூட்டங்கள். 2021 ஜனவரியில் 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்'. குறையை எழுதிப் பெட்டியில் போடுங்கள், ஆட்சிக்கு வந்த நூறே நாளில் தீர்க்கிறேன். மனு போட்டவர் கையில் பதிவு எண்ணோடு ஒரு ரசீது.

அந்த ரசீது சாதாரண விஷயமில்லை. வாக்குறுதி என்பது காற்றில் போகிற சொல். ரசீது என்பது கையில் இருக்கிற காகிதம். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும் கால் கடுக்க நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த யோசனைக்கு மார்க் போட்டே ஆகவேண்டும்.

இப்போது அதே பட்டியலை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். 'ஒன்றிணைவோம் வா' என்று பெயர் வைத்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். அரிசி மூட்டையைத் தூக்கியவர்கள் தெருவில் இருந்தார்கள். நோய்க்குப் பயந்து ஊரே கதவைச் சாத்தியிருந்த நேரம். நிவாரண வேலையில் தீவிரமாக இருந்த சேப்பாக்கம் எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன், கொரோனா தொற்றி, 2020 ஜூன் 10-ல் இறந்து போனார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். நாட்டிலேயே கொரோனாவுக்குப் பலியான முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான்.

கன்சல்டன்டின் பிரசன்டேஷனில் இந்த வரவு-செலவு எந்தப் பக்கத்தில் வரும்?

2021 மே 2. ரிசல்ட். தி.மு.க. தனியாக 133, கூட்டணியாக 159. சென்னையின் 16 தொகுதிகளும் மொத்தமாக விழுந்தன. ராயபுரத்தில் ஐந்து முறை ஜெயித்த அ.தி.மு.க. அமைச்சர் ஜெயக்குமார் 27 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் தோற்றார். ஆர்.கே. நகரும் தி.மு.க.வுக்கு வந்தது. திருவொற்றியூரில் சீமான் நின்றார். சுமார் 48 ஆயிரம் ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். அங்கேயும் தி.மு.க.தான். வங்காளத்தில் மம்தாவுக்கு 213.

அன்று மாலையே பிரஷாந்த் கிஷோர் டி.வி.யில், 'போதும், இந்த வேலையை விடுகிறேன்' என்றார். சதம் அடித்த கையோடு பேட்டைக் கீழே வைப்பது மாதிரி.

*

இனி கணக்குக்கு வருவோம். ஜெயித்தது யார்?

ஐ-பேக் வருவதற்கு முன்னாலேயே, 2019 நாடாளுமன்றத் தேர்தலில், தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38-ஐப் பிடித்திருந்தது. அ.தி.மு.க. பத்து வருஷமாக ஆட்சியில் இருந்தது. ஜெயலலிதா இல்லை. அப்படியும் 2021-ல் தி.மு.க. கூட்டணிக்கு சுமார் 45 சதவிகிதம், அ.தி.மு.க. கூட்டணிக்கு சுமார் 40 சதவிகிதம். ஆட்சி மாற்றம் எப்படியும் வந்திருக்கும் என்று சொல்பவர்களை லேசில் மறுக்க முடியாது.

மற்றதையும் இப்படியே தட்டிப் பாருங்கள். 2014-ல் மன்மோகன் அரசு பத்து வருடக் களைப்பில் இருந்தது. 2015-ல் நிதிஷும் லாலுவும் சேர்ந்ததுமே கூட்டல் கணக்கு முடிந்துவிட்டது. ஜெகன் 3,600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். கிஷோர் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் ஜெயிக்கிற குதிரைகளை. நொண்டிக் குதிரையில் ஒரு தடவை ஏறினார், உத்தரப்பிரதேசத்தில். கட்டிலோடு போயிற்று.

அப்படியானால் கட்சிகள் எதற்குக் காசு கொடுக்கின்றன? 2024 அக்டோபரில் ஒரு பிரசாரக் கூட்டத்தில் கிஷோரே வாய்விட்டுச் சொன்னார், ஒரு தேர்தலுக்கு ஆலோசனை சொல்ல நூறு கோடி ரூபாய்க்கு மேல் வாங்குவேன் என்று. 2025 செப்டம்பரில் இன்னொரு கணக்கும் கொடுத்தார். மூன்று வருஷத்தில் ஆலோசனைக் கட்டணமாக வந்தது 241 கோடியாம். எந்தச் செட்டியாரும் சும்மா இவ்வளவு எடுத்துக் கொடுக்க மாட்டார். கட்சிகள் மட்டும் கொடுக்குமா?

வாங்குகிற சரக்கு மூன்று.

முதலாவது, ஒரே பேச்சு. பத்து மாவட்டச் செயலாளர்கள் பத்து விதமாகப் பேசாமல், எல்லோரும் ஒரே கோஷத்தை, ஒரே நேரத்தில் பேசுவது. இரண்டாவது, வெளி ஆடிட்டர் ரிப்போர்ட். எந்த வேட்பாளருக்குத் தொகுதியில் கெட்ட பெயர், எந்த எம்.எல்.ஏ. ஊர்ப் பக்கமே வரவில்லை என்று மாவட்டச் செயலாளரைத் தாண்டித் தலைவருக்கு நேரே போகிற தகவல். மூன்றாவது, இதுதான் முக்கியம், எண். உங்கள் தெரு, உங்கள் வயது, உங்கள் குறை எல்லாம் எண்ணாக மாறி எக்ஸெல் ஷீட்டில் உட்காரும். எங்கே தள்ளினால் எத்தனை ஓட்டு நகரும் என்று பார்ப்பார்கள்.

இந்த மூன்றும் உபயோகமான சரக்குதான். பழைய ஏற்பாடு ரொம்பப் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. தன் மச்சானுக்கு சீட்டு வாங்கித் தருகிற மாவட்டச் செயலாளரைவிட, முகம் தெரியாத ஒரு சர்வே எத்தனையோ மேல்.

ஆனால் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. சின்ன எண், பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் நின்றால் காணாமல் போய்விடும்.

எண்ணூருக்கு வாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல வருஷங்களாக அந்த நீரில் கலக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோது, ஆறு வருடம் கழித்து, மறுபடி வாளிதான், மறுபடி மீனவர்களின் கைதான். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, மூச்சுத் திணறி, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

நியாயமாகச் சொன்னால், நூறு நாள் பெட்டியை மறந்துவிட்டார்கள் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. 2021 மே மாதம் ஸ்டாலின் பதவியேற்றதும் அந்த மனுக்களுக்கென்றே தனித் துறை உருவானது. பட்டா, பென்ஷன், குடிநீர் இணைப்பு மாதிரியான மனுக்களுக்கு ரசீதும் பதிவு எண்ணும் ரொம்பப் பொருத்தம். ஒரு ஆள், ஒரு குறை, ஓர் உத்தரவு. முடிந்தது.

ஆறு செத்துக்கொண்டிருக்கிறது என்பதை எந்தப் பெட்டியில் போடுவது? அது ஒருத்தர் குறை இல்லை. நூறு நாளில் தீராது. மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிகளின் காலத்திலும் குவிந்தது. எண்ணூர் குப்பங்களின் மொத்த ஓட்டையும் கூட்டினாலும் ஆட்சியைக் கவிழ்க்கிற எண் வராது. எக்ஸெல் ஷீட்டில் அது கீழேதான் கிடக்கும். கன்சல்டன்ட் மேல் தப்பில்லை. அவர் வாங்கிய காசு ஜெயிக்க வைப்பதற்கு. ஆற்றைக் காப்பாற்றுவதற்கு அல்ல. தேர்தல் முடிந்த மறுநாள் அவர் அடுத்த மாநிலத்துக்கு டிக்கெட் போட்டுவிடுவார். டி.வி. வாங்கினால்கூட ஒரு வருஷம் வாரன்டி தருகிறார்கள். இந்தச் சரக்குக்கு அது கிடையாது.

பழைய வட்டச் செயலாளரும் ஆற்றைக் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனால் அவர் அதே தெருவில் குடியிருந்தார். அதே சாம்பலைச் சுவாசித்தார். ராத்திரி கேஸ் கசிந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம், சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். கேட்டதை அவர் மேலே சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் மறுநாள் காலை அதே குழாயடியில்தான் அவர் வீட்டுக் குடமும் நிற்கும். எண்ணில் சின்னதாக இருந்த குறைக்கு இப்படி ஒரு குரல் இருந்தது. சர்வே எடுக்க வருகிற பையன் நல்லவன்தான், பணிவாகத்தான் பேசுவான். அடுத்த வாரம் அவனை எங்கே போய்த் தேடுவீர்கள்?

*

நம் ஆசாமியின் கதை இன்னும் முடியவில்லை.

இத்தனை பேரை நாற்காலியில் உட்கார வைத்தவருக்கு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. 2022 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று, காந்தி கால் பதித்த சம்பாரன் மண்ணிலிருந்து பாதயாத்திரை கிளம்பினார். இரண்டு வருஷம் பீகாரின் கிராமம் கிராமமாக நடந்தார். 2024 அக்டோபர் 2-ல் ஜன் சுராஜ் கட்சி பிறந்தது. படிப்பு, வேலை, பிழைக்க வெளியூர் போகும் இளைஞர்கள் என்று உருப்படியான விஷயங்களைத்தான் பேசினார். கட்சியின் சின்னமே பள்ளிக்கூடப் பை.

2025 நவம்பரில் பீகார் தேர்தல். 'ஒன்று உச்சியில் இருப்போம், இல்லை தரையில் கிடப்போம்' என்றார். நிதிஷின் கட்சிக்கு 25 இடத்துக்கு மேல் வந்தால் அரசியலையே விடுகிறேன் என்றும் சொன்னார். எல்லோருக்கும் ஆரூடம் சொன்னவர் ஆயிற்றே, ஊரே உன்னிப்பாகக் கேட்டது.

நவம்பர் 14. நிதிஷின் கட்சிக்கு 85. ஜன் சுராஜ் போட்டியிட்டது 238 தொகுதியில். ஜெயித்தது பூஜ்யம். பெரும்பாலான இடங்களில் டெபாசிட் காலி. மொத்த ஓட்டு மூன்றரை சதவிகிதத்தைத் தொடவில்லை. ஆறு நாள் கழித்து சம்பாரனுக்கே திரும்பிப் போய், காந்தி ஆசிரமத்தில் ஒரு நாள் மௌன உபவாசம் இருந்தார்.

சிரிக்காதீர்கள். டேட்டா இருந்தது, பணம் இருந்தது, கோஷம் இருந்தது, தொழிலில் அவரைவிடத் தேர்ந்தவர் நாட்டில் கிடையாது. இல்லாதது ஒன்றுதான். தெருவுக்கு ஒரு வட்டச் செயலாளர். பல வருடம் கூடவே தோற்று, கூடவே நனைந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து நின்று, சம்பளம் கேட்காமல் சுவருக்கு வெள்ளையடிக்கிற ஆள். ஸ்டாலினும் மம்தாவும் நிதிஷும் அப்படிப்பட்ட ஆட்களைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். கிஷோர் அதற்கு மேல் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். சொந்த வீடு கட்டும்போதுதான் அவருக்குச் செங்கல் வேண்டியிருந்தது.

கட்சிகள் இந்த வேலைக்கு இனியும் ஆள் வைக்கத்தான் போகின்றன. ஒருவர் விட்டால் ஒருவர் வருவார். வேண்டாம் என்று நீங்களும் நானும் சொல்லி நிற்கப் போவதில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் உங்கள் வாசலில் ஒரு பையன் டேப்லெட்டோடு வந்து நின்று, உங்கள் பகுதியின் முக்கியமான மூன்று குறைகள் என்ன என்று கேட்டால், தாராளமாகப் பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்.

'தம்பி, ரிசல்ட் வந்த மறுநாள் நீ எந்த ஊரில் இருப்பே?'